மேற்கு ஜன்னல் பிளைண்ட்ஸ் ஒருபக்கமாகத் தொங்குகிறது, புதுசுதான் வாங்க வேண்டுமா?

ஆனையூர்க்காரன் | மே 17, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். மாடியில் மேற்குப் பார்த்த படுக்கையறை. ஜன்னல் நாலடி அகலம், நாலரை அடி உயரம். எட்டு வருடத்துக்கு முன்பு வீடு கட்டி முடித்தபோது அலுமினிய வெனிஷியன் பிளைண்ட்ஸ் போட்டோம், குறுக்குப் பட்டைகளைக் கயிற்றில் கோர்த்த ஜன்னல் மறைப்பு. ஒரு அங்குலப் பட்டை, வெளிர் சாம்பல் நிறம். புதிதில் வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் மாடிக்கு அழைத்துப்போய்த் திறந்து மூடிக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெருமைக்கெல்லாம் சேர்த்து இப்போது அனுபவிக்கிறேன்.

கயிற்றை இழுத்தால் இடது பக்கம் மேலே போகிறது, வலது பக்கம் கீழேயே நிற்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவன் நடந்து வருகிற மாதிரி இருக்கிறது அதன் கோலம். சில நாள் இழுத்த இடத்தில் நிற்கும், சில நாள் சரசரவென்று மொத்தமும் தலைமேல் விழும். பட்டையைச் சாய்க்கிற குச்சியைத் திருகினால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பட்டை அசையக் காணோம். அக்னி நட்சத்திரம் வேறு. மூன்று மணிக்கு மேல் அந்த அறையில் கால் வைக்க முடியவில்லை. இப்போதைக்கு அப்பாவின் பழைய வேட்டியைக் கிரில்லில் கட்டி மறைத்திருக்கிறோம்.

போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தால், "அதெல்லாம் இனிமே ரிப்பேர் கிடையாது சார், கழட்டிப் போட்டுட்டு ரோலர் மாட்டிக்கோங்க" என்கிறார். ரோலர் என்றால் குழாயில் துணி சுருளுகிற வகை. இதில் பட்டை ஒன்றுகூட வளையவில்லை. கயிறு போனதற்கு மொத்தத்தையும் தூக்கிப் போடுவதா?

தட்டிக்காரன் | மே 17, இரவு 9:46

தூக்கிப் போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் ரோலர் வாங்குவதற்காக அல்ல. ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள். கயிறு, கியர், குச்சி எதுவும் கிடையாது. எங்கள் தாத்தா காலத்தில் வெட்டிவேர்த் தட்டி தொங்கும், மத்தியானம் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்தால் அறை முழுக்க வாசம். வெள்ளைக்காரன் ஊர் ஜன்னலுக்குச் செய்த சாமானை நம் ஊர் வெயிலில் மாட்டிவிட்டுப் புலம்பினால் எப்படி?

பழைய பிட்டர் | மே 18, காலை 6:25

ஆனையூர்த் தம்பி, தட்டியைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம். முதலில் உங்கள் பிளைண்ட்ஸுக்கு வருவோம். பதினைந்து வருடம் இந்த வேலை செய்தவன், இப்போது முட்டிவலியால் ஏணி ஏறுவதில்லை. நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, தனித்தனியாக மூன்று. மூன்றும் வீட்டிலேயே சரி செய்யக்கூடியவை.

ஒருபக்கம் ஏறாதது: வலதுபக்கத் தூக்குக் கயிறு அறுந்திருக்கும், அல்லது அடிப்பட்டைக்குள் அதன் முடிச்சு அவிழ்ந்திருக்கும். எட்டு வருட மேற்கு வெயிலில் கயிறு உளுத்துப்போவது சகஜம். அலுமினியப் பட்டைக்கு இருபது வருடம் ஆனாலும் ஒன்றும் ஆகாது, முதலில் போவது கயிறுதான்.

நிற்காமல் விழுவது: பட்டைகள் தொங்குகிற மேல் பெட்டியின் ஓரத்தில், கயிறு வெளியே வருகிற இடத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. உள்ளே ஒரு சின்னப் பல் உருளை. கயிற்றை ஜன்னலின் நடுப்பக்கமாகச் சாய்த்து இழுத்தால் உருளை விலகும், கயிறு ஓடும். நேராக விட்டால் உருளை இறங்கிக் கயிற்றைக் கடித்துக்கொள்ளும். தூசி அடைத்தால் அது இறங்காது.

குச்சி சும்மா சுற்றுவது: பெட்டிக்குள் நீளவாக்கில் ஒரு கம்பி ஓடும். அதன் மேல் இரண்டு சின்ன உருளைகள். அந்த உருளைகளில்தான் ஏணிக் கயிறு மாட்டியிருக்கும், அதாவது பட்டைகளை ஏணிப்படி மாதிரி தாங்கி நிற்கிற மெல்லிய கயிறு. குச்சியைத் திருகினால் ஓரத்தில் உள்ள பல்சக்கர டப்பா கம்பியைச் சுழற்றும், பட்டை சாயும். குச்சி வழுக்குகிறது என்றால் குச்சியின் கொக்கி பிடி விட்டிருக்கலாம், கம்பி டப்பாவிலிருந்து நழுவியிருக்கலாம், இல்லையென்றால் பல் தேய்ந்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் செலவே கிடையாது. மூன்றாவதற்கு அந்த டப்பாவை மட்டும் மாற்றினால் போதும்.

கழற்றும் விதம்: பிளைண்ட்ஸை முடிந்தவரை மேலே தூக்கிச் சுருட்டி, சேலைக் கிழிசலால் இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். இரண்டு ஓரத்திலும் இருக்கிற கிளாம்பின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்து, பெட்டியை முன்பக்கமாக உருவினால் வந்துவிடும். ஆள் துணையோடு செய்யுங்கள். கீழே செய்தித்தாள் விரியுங்கள், எட்டு வருடத் தூசி கொட்டும். கழற்றிப் பார்த்து என்ன இருக்கிறதென்று எழுதுங்கள். அதற்கு முன்னால் எதையும் வாங்க வேண்டாம்.

ஒத்தக்கடை வாத்தியார் | மே 18, காலை 8:02

தட்டிக்காரர் சொல்வதில் ஒரு பாதி உண்மை, அதைச் சொல்லிவிடுகிறேன். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், உள்பக்கம் தொங்கும் பிளைண்ட்ஸ் அதை மறைக்கிறதே தவிர சூடு முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை. பட்டையே சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. மாலை ஐந்து மணிக்குப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். அதையே கண்ணாடிக்கு வெளியே தடுத்தால் சூடு வெளியிலேயே போய்விடும். ஆகவே மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி, உள்ளே பிளைண்ட்ஸ் என்று இரண்டும் இருந்தால் நல்லது.

இன்னொன்று. மதுரை ஏறக்குறைய 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் அது வடக்கே சாய்ந்துதான் நிற்கும். "வடக்கு ஜன்னல்தானே, வெயில் வராது" என்று எதையும் மாட்டாமல் விட்டவர்கள் வைகாசியிலும் ஆனியிலும் ஏமாறுவது இதனால்தான்.

பட்டையைச் சாய்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வெளிவிளிம்பு கீழேயும் உள்விளிம்பு மேலேயும் இருக்கும்படி சாய்த்தால், மேலிருந்து வரும் வெயில் தடுபடும், தெருவில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மட்டும் நம் வீட்டு உட்கூரைக்குப் போகும். தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தாலும் நம் மின்விசிறியைத்தான் பார்ப்பார். சாயங்கால வெயில் தாழ்ந்து நேரே வரும், அப்போது முழுவதும் மூடித்தான் ஆக வேண்டும்.

தட்டிக்காரன் | மே 18, காலை 8:15

பாதி உண்மை என்றாலும் வாத்தியார் வாயால் வந்துவிட்டதே, அது போதும்.

அழகர்மலை அடிவாரம் | மே 18, காலை 10:30

தட்டிக்காரருக்கு: வெளியே தட்டி கட்டலாம், எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து குரங்குகளிடம் அனுமதி வாங்கிக் கொடுங்கள். போன வருடம் கட்டிய தட்டியை மூன்றே நாளில் குச்சி குச்சியாகப் பிரித்துவிட்டன. அதற்கு முந்தைய வருடத் தட்டி ஐப்பசி மழையில் ஊறிப் பூசணம் பிடித்தது. வெட்டிவேர் வாசமும் அப்படித்தான், ஈரம் காயாமல் வைத்தால் கொஞ்ச நாளில் வேறு வாசம் வரும்.

ஆனையூர்க்காரன் | மே 18, இரவு 10:05

கழற்றிவிட்டேன். மைத்துனன் ஒருபக்கம் பிடித்தான். கொட்டிய தூசியைப் பார்த்து வீட்டம்மா எங்கள் இருவரையும் மாடியை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

பெட்டிக்குள் இருந்தவை: பல்லி முட்டை ஓடு நாலு, காய்ந்த பல்லி ஒன்று, கயிற்றுப் பூட்டை ஒட்டி ஒரு குளவிக்கூடு. கட்டி மண். பூட்டின் உருளை அந்த மண்ணில் புதைந்திருக்கிறது. மண் வெறுமனே காய்ந்தும் இல்லை, கரியும் பசையுமாக இருக்கிறது. இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் கயிறு இறுகுகிறதே என்று அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை அதில் விட்டது நான்தான்.

வலதுபக்கக் கயிறு பெட்டியின் ஓட்டை விளிம்பில் அறுந்திருக்கிறது. இடதுபக்கக் கயிறும் அதே இடத்தில் நூல் நூலாக நிற்கிறது. பல்சக்கர டப்பா நன்றாக இருக்கிறது, கம்பிதான் ஒரு விரற்கடை நழுவியிருக்கிறது. உள்ளே தள்ளியதும் பட்டை திரும்புகிறது! எட்டு மாதமாக இதற்காகவா குனிந்து குனிந்து பட்டையைக் கையால் சாய்த்தோம்?

பழைய பிட்டர் | மே 19, காலை 6:10

எண்ணெய் விட்டவர்கள் எல்லோரும் வரிசையில் நில்லுங்கள் என்றால் வரிசை தெப்பக்குளம் வரை போகும். எண்ணெய் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் பூட்டுக்கு எண்ணெய் கூடாது. தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம். மண்ணைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். கட்டாயம் ஏதாவது விட வேண்டும் என்று தோன்றினால் சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு சொட்டுப் போதும்.

கம்பி மறுபடி நழுவும். கம்பியின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் வாஷர் போடுங்கள், டப்பாவிலிருந்து நகராது.

இப்போது கயிறு. ஒரு அங்குலப் பட்டைக்கு 1.4 மி.மீ. பின்னல் பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். பாவாடை நாடா, துணி காயப்போடும் கொடி, மீன் வலை நரம்பு, இவற்றில் எதுவும் வேண்டாம். நரம்பு பூட்டில் வழுக்கும், நாடா சிக்கும். நீளத்துக்கு ஒரு கணக்கு: உயரம் இரண்டு மடங்கு, கூட அகலம். உங்களுக்கு ஒன்பது அடியும் நாலு அடியும் சேர்த்துப் பதின்மூன்று அடி. இரண்டு கயிற்றுக்கு இருபத்தாறு, அதாவது எட்டு மீட்டர். பிழைக்கும் சேர்த்துப் பத்து மீட்டராக வாங்குங்கள். ஒன்றுதான் அறுந்தது என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மற்றதும் அதே வெயிலைத் தின்ற கயிறுதான்.

கோர்ப்பது: அடிப்பட்டையின் அடியில் பொத்தான் மாதிரி பிளாஸ்டிக் மூடி இருக்கும், நெம்பினால் முடிச்சு தெரியும். முடிச்சை அவிழ்த்து, பழைய கயிற்றின் கீழ்நுனியோடு புதுக் கயிற்றின் நுனியை ஊசி நூலால் தைத்துச் சேர்த்து, மேலே மெல்லிசாக டேப் சுற்றுங்கள். முடிச்சுப் போட்டால் பட்டை ஓட்டையில் நுழையாது. பிறகு மேலே இருந்து பழசை இழுத்தால் புதுசு தன்னால் பின்னே வரும். பழைய கயிறுதான் உங்களுக்கு வழிகாட்டி. அதை முதலில் உருவிப் போட்டுவிடாதீர்கள், இதைப் பெரிய எழுத்தில் வாசியுங்கள்.

வில்லாபுரம் அக்கா | மே 19, காலை 11:20

நடுவில் ஒரு சந்தேகம், கூடவே ஒரு யோசனையும். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலுக்கு இதே அலுமினியப் பட்டைதான். யார் பேச்சைக் கேட்டுப் போட்டோமோ தெரியவில்லை. வடகம் தாளித்த புகை, அப்பளம் பொரித்த புகை எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. முதலில் சலவைச் சோடா கரைத்து ஊற வைத்தேன், பட்டையின் பெயின்ட் மங்கிப் போய்விட்டது. சோடா, பிளீச்சிங் பவுடர் இரண்டும் அலுமினியத்துக்கு ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது செய்வது இதுதான். கழற்றிக்கொண்டு போய் மொட்டைமாடியில் ஒரு பழைய பாயை விரித்துப் போடுவேன். வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்புத் திரவம் கலந்து ஊற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு, பழைய பனியன் துணியால் துடைப்பேன். பட்டையை ஒருபக்கம் மூடித் துடைத்து, மறுபக்கம் மூடித் துடைத்தால் இருபுறமும் முடிந்தது. மேல் பெட்டியை மட்டும் நனைப்பதில்லை. கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் கூடாது. எங்கள் தெரு போரில் உப்பு அப்படி, காய்ந்ததும் பட்டை முழுக்கத் திருநீறு பூசின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணீர் வரும் நாளில் இதை வைத்துக்கொள்வேன்.

என் சந்தேகம்: ஹாலில் செங்குத்துப் பட்டை, அந்த வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ். இரண்டு பட்டையின் தலை ஓட்டை கிழிந்து விழுந்துவிட்டது. மூன்று பட்டை மற்றதோடு சேர்ந்து திரும்பாமல் தனியாக முறைத்துக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?

பழைய பிட்டர் | மே 19, மதியம் 1:40

அக்கா, கிழிந்த ஓட்டைக்கு: முன்னும் பின்னும் தடிமனான ஒட்டுத்தாள் ஒட்டி, அதே இடத்தில் புதிதாக ஓட்டை போட்டுக் கொக்கியில் மாட்டுங்கள். பழைய ஏடிஎம் கார்டிலிருந்து இரண்டு சின்னத் துண்டு வெட்டி உள்ளே வைத்து ஒட்டினால் இன்னும் உறுதி.

முறைத்து நிற்கும் பட்டைகளுக்கு: சங்கிலியை ஒரு பக்கம் கடைசி வரை இழுத்து, எல்லாப் பட்டையும் மூடிய பிறகும் மெதுவாகக் கொஞ்சம் அழுத்தி இழுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கமும் அதே மாதிரி. கடைசி வரை போன பட்டை நின்றுவிடும், பின்தங்கிய பட்டை வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று முறையில் வரிசைக்கு வந்துவிடும். வராவிட்டால் அந்தக் கொக்கி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். துணிப் பட்டையை வாஷிங் மெஷினில் மட்டும் போடாதீர்கள், அதன் விறைப்பு போய்விடும், பிறகு துண்டு மாதிரி தொங்கும்.

ஆனையூர்க்காரன் | மே 20, இரவு 11:15

பழைய கயிற்றை முதலில் உருவாதே என்றார் அண்ணன். பெரிய எழுத்தில் வாசித்தேன். இடதுபக்கம் ஒழுங்காகவே செய்தேன். வலதுபக்கம் வரும்போது மைத்துனன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அறுந்த துண்டை உருவி எறிந்துவிட்டான். சரி, ஓட்டை வழியாக விட்டால் போகிறது என்று ஒவ்வொரு பட்டையாகக் கோர்த்து, மாட்டி, தூக்கினேன். இரண்டு பக்கமும் சமமாக ஏறியது. கைதட்டல் எல்லாம் முடிந்து கீழே இறக்கினால், பட்டைகள் ஒவ்வொன்றும் வலதுபக்கமாக நழுவி வெளியே எட்டிப் பார்க்கின்றன. கையால் தள்ளினால் உள்ளே போகின்றன, மறுபடி வருகின்றன. எங்கே தவறு?

பழைய பிட்டர் | மே 21, காலை 5:50

மைத்துனனைக் காபி போடச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

ஏணிக் கயிற்றுக்கு ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு படி இருக்கிறது இல்லையா, குறுக்கே போகிற நூல்? தூக்குக் கயிறு முதல் படிக்கு இடதுபக்கம் இறங்கினால், அடுத்த படிக்கு வலதுபக்கம் இறங்க வேண்டும், அப்புறம் மறுபடி இடது. கூடை முடைகிற மாதிரி மாறி மாறி. அந்தப் பின்னல்தான் பட்டையைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக இறக்கியிருப்பீர்கள். பழைய கயிற்றின் பின்னாலேயே போயிருந்தால் இது தன்னால் நடந்திருக்கும், அதற்குத்தான் வழிகாட்டி என்றேன்.

வலதுபக்கக் கயிற்றை மட்டும் அடியிலிருந்து மேலே உருவி மறுபடி கோருங்கள். நுனியை லைட்டரால் லேசாக உருக்கிக் கூராக்கினால் நூல் பிரியாது. சூட்டோடு விரலால் உருட்டாதீர்கள், தோல் போய்விடும். என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இரட்டைப் பேத்திகளின் பாட்டி | மே 21, காலை 9:35

நான் எந்த மெக்கானிக்கும் இல்லை, பசுமலையில் மகள் வீட்டில் இருக்கிறேன். கயிறு கயிறு என்று இவ்வளவு பேசுகிறீர்கள், வீட்டில் குழந்தை உண்டா என்று யாரும் கேட்கவில்லையே?

எங்கள் பேத்திகளுக்கு மூன்று வயது. போன மாதம் சின்னவள் சோபா மேல் ஏறி, பிளைண்ட்ஸ் கயிற்று வளையத்தைத் தலைவழியே மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றாள். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். அவளாகச் சிரித்துக்கொண்டு கூப்பிட்டதால் போய்ப் பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. கழுத்தில் கயிறு இறுகினால் குழந்தையால் கத்தக்கூட முடியாது, நிமிடக் கணக்குதான் என்று மகள் அப்புறம் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் 2018 டிசம்பருக்குப் பிறகு கடையில் தயாராக அடுக்கி விற்கிற பிளைண்ட்ஸில் கயிறு தொங்கவே கூடாது, அல்லது குழந்தைக்கு எட்டவே கூடாது என்று தரவிதி வைத்துவிட்டார்களாம். நம் ஊர்க் கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை.

நாங்கள் செய்தது: இரண்டு கயிறும் சேர்ந்து வளையமாக இருந்த இடத்தில் வெட்டி, தனித்தனிக் குஞ்சலம் மாட்டினோம். சுவரில் ஐந்தடி உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, இழுத்த கயிற்றை அதில் சுற்றி வைக்கிறோம். சோபாவை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். ரோலர் பிளைண்ட்ஸின் மணிச்சங்கிலியும் இதே வளையம்தான், அதைக் கீழே சுவரோடு இறுக்கிப் பிடிக்க ஒரு கிளிப் வருகிறது, தயவுசெய்து போடுங்கள்.

பழைய பிட்டர் | மே 21, காலை 10:20

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. கயிறு மாற்ற வந்த நான் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என் தவறு. ஐரோப்பியத் தரவிதியிலும் அந்தக் கொக்கிக்குத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றுதான் இருக்கிறது, உங்கள் ஐந்தடி சரியான கணக்கு. ஆனையூர்த் தம்பி, உங்கள் பிளைண்ட்ஸில் கயிறு எவ்வளவு தொங்குகிறது?

ஆனையூர்க்காரன் | மே 21, மதியம் 2:00

முழங்கால் வரை. கட்டிலுக்குப் பக்கத்தில். பையனுக்கு நாலு வயது. இன்றைக்கே செய்துவிடுகிறேன்.

கேகேநகர் வாடகை | மே 21, இரவு 8:44

என் பிரச்சினை ரோலர். சுருட்டச் சுருட்டத் துணி இடதுபக்கமாக ஓடி, கிளாம்பில் உரசி ஓரம் நார் நாராகப் பிரிகிறது. வாடகை வீடு. புதிதாக ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். இருக்கிற ஓட்டையை வைத்துத்தான் எதுவும் செய்ய முடியும்.

பழைய பிட்டர் | மே 22, காலை 6:30

முதலில் துணி சுருளுகிற குழாயின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஏற்ற இறக்கம் இருந்தால் அந்தக் கிளாம்புக்கு அடியில் மடித்த அட்டை வைத்து மட்டமாக்குங்கள். மட்டம் சரியாக இருந்தும் ஓடினால், துணியை முழுவதும் கீழே இறக்குங்கள், வெறும் குழாய் தெரிகிற வரை. துணி இடதுபக்கம் ஓடுகிறது என்றால், குழாயின் வலது ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். டேப் ஒட்டிய பக்கம் குழாய் ஒரு மயிரிழை தடிக்கும், துணி அந்தப் பக்கம் திரும்பும். ஒரு சுற்றுக்கு அசையவில்லை என்றால் அதன் மேல் இன்னொரு சுற்று. அவசரப்பட்டு நாலு சுற்று ஒட்டினால் வலதுபக்கம் ஓட ஆரம்பித்துவிடும்.

பிரிந்த நாரை இழுக்காதீர்கள். கத்தரிக்கோலால் மட்டமாக வெட்டி, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஓரத்தில் மெல்லிசாகத் தடவினால் அதற்கு மேல் பிரியாது.

சங்கிலியை இழுக்கும்போது கடகடவென்று வழுக்கினால் சங்கிலிப் பக்கத்துக் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதைத் தனியாக வாங்கலாம், ஆனால் குழாயின் உள்விட்டம் பார்த்து வாங்க வேண்டும். பழைய கிளட்ச்சைக் கையோடு கொண்டு போங்கள். போனில் படம் காட்டி வாங்கினால் இரண்டு நடை நிச்சயம்.

தட்டிக்காரன் | மே 22, காலை 7:15

அறுந்தது, நழுவியது, தேய்ந்தது, ஓடியது. நான் எதுவும் சொல்லவில்லை.

அழகர்மலை அடிவாரம் | மே 22, காலை 7:22

குரங்குகள் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னன.

ஆனையூர்க்காரன் | மே 23, இரவு 9:30

முடிந்தது. மாறி மாறிக் கோர்த்ததில் பட்டை ஒன்றுகூட நகரவில்லை. சமமாக ஏறுகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது, குச்சியைத் திருகினால் திரும்புகிறது. ரப்பர் வாஷர் கிடைக்காமல் பழைய குழாய் வாஷரை வெட்டிப் போட்டேன்.

ஒரு கூடுதல் வேலையும் வந்தது. மறுபடி மாட்டும்போது வலதுபக்கக் கிளாம்ப் ஆடியது. ஸ்க்ரூவைக் கழற்றினால் கூடவே பிளக்கும் பூச்சும் பொலபொலவென்று வந்துவிட்டன. போட்டவர் வெறும் பூச்சுக்குள்ளேயே பிளக்கை நிறுத்தியிருக்கிறார். 6 மி.மீ. பிட் போட்டு லிண்டல் கான்கிரீட் வரைக்கும் ஆழமாகத் துளைத்து, தூசியை ஊதி எடுத்துவிட்டு, நீளமான பிளக் அடித்து முறுக்கினேன். இப்போது பையன் தொங்கினாலும் வராது. தொங்கவும் முடியாது, கயிற்றை வெட்டி ஐந்தடியில் கொக்கி அடித்தாயிற்று. பாட்டிக்கு நன்றி.

வெளியேயும் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டேன். தட்டிக்காரர் ரொம்பச் சிரிக்க வேண்டாம், வாத்தியார் சொன்னதற்காகத்தான் செய்தேன். வெறும் பிளைண்ட்ஸ் இருந்த நேற்று ஐந்து மணிக்கு உள்பக்கப் பட்டையில் கை வைக்க முடியவில்லை, இன்று வைக்க முடிந்தது. ஆனையூரில் குரங்கு இல்லை.

கயிறு கிடைத்த இடத்தைக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கு: புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் சாமான் கடைகளில் தேடினேன். மூன்றாவது கடையில் கிடைத்தது. பத்து மீட்டர் என்று கேட்டேன், வெட்டித் தரமாட்டோம், முழுக் கண்டாகத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். ஐம்பது மீட்டர்.

வில்லாபுரம் அக்கா | மே 23, இரவு 9:41

தம்பி, அப்போ மிச்சம் நாற்பது மீட்டர் இருக்குமே? சமையலறைப் பிளைண்ட்ஸுக்கு எட்டு போதும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா?

இரட்டைப் பேத்திகளின் பாட்டி | மே 23, இரவு 9:50

எனக்கும் ஒரு பத்து மீட்டர் எடுத்து வையுங்கள். மருமகனை அனுப்புகிறேன்.

பழைய பிட்டர் | மே 23, இரவு 10:02

மருமகனையே கோர்க்கச் சொல்லாதீர்கள் அம்மா. எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்கிறேன்.